சொட்டுக் கணக்கு

அவலூர்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள் தயாராக இருக்கும்: "புள்ள துவண்டு கெடக்குது சார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க." மருத்துவர் மாத்திரை எழுதி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் வீடு திரும்பும் வழியெல்லாம் முணுமுணுப்புதான். அதே மருத்துவர், வயிற்றுப்போக்கில் கண் குழிவிழுந்து வரும் வேறொரு குழந்தைக்கு மூன்று மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஏற்றுகிறார். பக்கத்துக் கட்டிலில் டெங்குவோடு படுத்திருக்கும் குழந்தைக்கோ, செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணி எண்ணி விடுகிறார். ஒருவருக்கு இல்லை, ஒருவருக்குக் கொட்டு, ஒருவருக்குச் சொட்டு. ஒரே மருத்துவமனையில் ஏன் இத்தனை பாகுபாடு?

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் குளுக்கோஸ் என்று சொல்வது பெரும்பாலும் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ். அரை லிட்டர் பாட்டிலில் இருக்கும் சர்க்கரை 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. அதிலிருந்து கிடைப்பது நூறு கலோரிக்குள். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் ஒரு நாள் தேவையில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தெம்பு ஏற்றுகிறோம் என்ற நம்பிக்கை இவ்வளவுதான். ஆனாலும் பாட்டில் முடிவதற்குள் குழந்தை கண் திறந்து சிரித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. கூடவே போட்ட காய்ச்சல் மருந்து வேலை செய்திருக்கும், நீர் வற்றியிருந்தால் அதுவும் தீர்ந்திருக்கும். பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உடம்புக்குள் போன சர்க்கரையை உயிரணுக்கள் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது இரத்தக் குழாய்க்குள் தங்குவதில்லை. உடம்பு முழுக்கப் பரவி, கடைசியில் குழாய்க்குள் நிற்பது பன்னிரண்டில் ஒரு பங்குதான். உப்புநீர், அதாவது நார்மல் சலைன், கொஞ்சம் மேல். சோடியம் உயிரணுவுக்குள் எளிதில் நுழையாது என்பதால் தண்ணீரையும் வெளியே பிடித்து வைக்கும். நாலில் ஒரு பங்காவது குழாய்க்குள் நிற்கும். ஆகவே இரத்த ஓட்டம் தளர்ந்த குழந்தைக்கு ஏற்றுவது சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். குளுக்கோஸ் அந்த வேலைக்கு ஆகாது.

அடுத்தது அளவு. ஒரு குழந்தையின் உடம்பில் ஓடும் இரத்தம் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி. பத்துக் கிலோ குழந்தை என்றால் 800 மில்லி. பெரியவருக்கு ஐந்து லிட்டர் என்பதால் அரை லிட்டர் பாட்டில் அவருக்குப் பத்தில் ஒரு பங்கு. அதே பாட்டில் குழந்தைக்கு அதன் மொத்த இரத்தத்தில் பாதிக்கு மேல். சொட்டுக் குழாயின் பூட்டு தளர்ந்து ஒரு மணி நேரத்தில் ஓடித் தீர்ந்தது என்று வையுங்கள், பெரியவர் எழுந்து கழிப்பறைக்குப் போவார். குழந்தைக்கு மூச்சுத் திணறும்.

இந்த ஒரு பயத்திலிருந்துதான் குழந்தைகள் வார்டின் கருவிகள் எல்லாம் பிறந்திருக்கின்றன. பெரியவர்களுக்கான குழாயில் இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மெல்லிய ஊசிமுனை வழியாகச் சொட்டுவதால் ஒரு மில்லிக்கு அறுபது சொட்டு. இதில் ஒரு அழகான வசதி ஒளிந்திருக்கிறது. மணிக்கும் அறுபது நிமிடம் என்பதால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மில்லி. பெருக்கலும் வகுத்தலும் வேண்டாம். மணிக்கு 42 மில்லி போக வேண்டும் என்றால், செவிலியர் சொட்டறையைக் கண்மட்டத்துக்குப் பிடித்து நிமிடத்துக்கு 42 சொட்டு விழும்வரை குழாய்ப்பூட்டின் சக்கரத்தைத் திருகுகிறார். பம்ப் இல்லாத சிறிய ஆஸ்பத்திரியில் அதுதான் பம்ப்.

இன்னொன்று பியூரெட் செட். பாட்டிலுக்கும் சொட்டறைக்கும் நடுவே, மில்லிக் கோடுகள் போட்ட நூறு மில்லி கொள்ளும் பிளாஸ்டிக் உருளை ஒன்று தொங்கும். அதில் ஒரு மணி நேரத்துக்கான திரவத்தை மட்டும் இறக்கிவிட்டு மேல்பூட்டைப் பூட்டிவிடுவார்கள். கீழ்ப்பூட்டு கழன்றுபோனாலும், குழந்தை இழுத்துவிட்டாலும் உள்ளே போகக்கூடியது அந்த உருளையில் உள்ளது மட்டுமே. குழந்தையின் கையில் இருப்பது மஞ்சள் நிற வென்ஃப்ளான் ஊசிக்குழாய், 24 கேஜ். பச்சைக் குழந்தை என்றால் அதைவிடச் சன்னமான ஊதா, 26. மருந்துப் பெட்டி அட்டையை வெட்டிப் பஞ்சு சுற்றி மணிக்கட்டுக்குக் கீழே வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள். ஊசி நுழைந்த இடம் மட்டும் மூடாமல் தெரியும்படி விட்டிருக்கும். ஊசி இரத்தக் குழாயை விட்டு விலகித் திரவம் சதைக்குள் இறங்கினால் முதலில் அங்கேதான் வீங்கும். குழந்தை சொல்லாது, தோல் சொல்லும்.

அந்த 42 எங்கிருந்து வந்தது? 1957இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் மால்கம் ஹாலிடே, வில்லியம் சீகர் இருவரும் போட்ட கணக்கு அது. முதல் பத்துக் கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. பத்துக் கிலோவுக்கு நாளைக்கு ஒரு லிட்டர், மணிக்கு 42 மில்லி. உலகமெங்கும் குழந்தை மருத்துவம் படிக்கும் எவரும் முதலில் மனப்பாடம் செய்வது இதைத்தான். தண்ணீர்க் கணக்கு இன்றும் நிற்கிறது. உப்புக் கணக்கில்தான் சறுக்கல். நலமான குழந்தை பாலில் குடிக்கும் சோடியத்தை வைத்து உப்பைக் கணித்ததால், மிகவும் நீர்த்த திரவம் பல பத்தாண்டுகள் வார்டுகளில் ஓடியது. ஆனால் நோயுற்ற உடம்பு நலமான உடம்பு அல்லவே. காய்ச்சல், வலி, வாந்தி, நிமோனியா எதுவானாலும் மூளையிலிருந்து சிறுநீரடக்கி இயக்குநீர் சுரக்கிறது. சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாது. உள்ளே போவது நீர்த்த திரவம், வெளியே போவது ஏதுமில்லை. இரத்தத்தில் சோடியம் இறங்குகிறது, தண்ணீர் மூளையின் உயிரணுக்களுக்குள் புகுகிறது, மூளை வீங்குகிறது. வலிப்பு வருகிறது, சில குழந்தைகள் திரும்புவதில்லை. சாதாரண அறுவை சிகிச்சைக்கு வந்த நலமான குழந்தைகள் இப்படி இறந்ததை 1992இல் மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. 2015இல் மெல்பர்னில் 690 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரத்தத்துக்கு நிகரான சோடியம் உள்ள திரவமும் மறுபாதிக்கு அதில் ஏறக்குறைய பாதிச் சோடியம் உள்ள திரவமும் கொடுத்துப் பார்த்தார்கள். சோடியம் சரிந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 4 பேர், இரண்டாவதில் 11 பேர். பழைய திரவம் கைவிடப்பட்டது. ஒரு கணக்கைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

வேகத்தைப் பற்றிய பாடம் இதைவிடக் கசப்பானது. கைகால் சில்லிட்டு, நாடி தளர்ந்து வரும் காய்ச்சல் குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லி சலைனை வேகமாக ஏற்று, தேவைப்பட்டால் மறுபடி ஏற்று என்பது பாடப்புத்தக விதி. எவரும் கேள்வி கேட்காத விதி. கெத்ரின் மெய்ட்லண்ட் என்ற மருத்துவர் கேட்டார். கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் ஆறு மருத்துவமனைகளில் 3,141 குழந்தைகள் மூன்று பிரிவாகச் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வேகமாக சலைன், இன்னொன்றுக்கு வேகமாக அல்புமின் என்ற புரதக் கரைசல், மூன்றாவதற்கு வேக ஏற்றமே இல்லை, வழக்கமான மெதுவான சொட்டு மட்டும். மலேரியா மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, இரத்தம் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றே. வேகமாக ஏற்றினால் உயிர் பிழைப்போர் கூடுவர் என்பதுதான் எதிர்பார்ப்பு. 2011இல் ஆய்வைக் கண்காணித்த குழு இடையிலேயே நிறுத்தச் சொன்னது. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், அல்புமின் பிரிவில் நூற்றுக்கு 10.6, சலைன் பிரிவில் 10.5. மெதுவான சொட்டு மட்டும் பெற்ற பிரிவில் 7.3.

முடிவைப் பலர் நம்ப மறுத்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத ஊரில் நடந்தது, பெரிய மருத்துவமனைக்குப் பொருந்தாது என்று சொன்னவர்கள் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் நம் கிராமங்களிலிருந்து குழந்தை முதலில் போய்ச் சேரும் இடத்திலும் அந்தக் கருவி இருப்பதில்லை. அந்த வகையில் அவலூர்பேட்டைக்கு நெருக்கமான ஆய்வு, சென்னையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்ததைவிட உகாண்டாவில் நடந்ததுதான் என்பேன்.

ஒன்றை மறக்கக்கூடாது. வயிற்றுப்போக்கில் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் விஷயத்தில் சந்தேகமே கிடையாது. போன நீரை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். கடுமையாக வற்றிய பத்துக் கிலோ குழந்தைக்கு, ஒரு வயதைத் தாண்டியிருந்தால், முதல் அரை மணியில் 300 மில்லி, அடுத்த இரண்டரை மணியில் 700 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா காலரா நோயாளிகளின் சிரைக்குள் முதன்முதலாக உப்புநீர் செலுத்தியபோது நிரூபணமானது இதுதான். குடிக்க முடிகிற குழந்தைக்கு ஊசியே வேண்டாம் என்று நிரூபித்தவர் நம்மவர். 1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்துபோனபோது திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. மருத்துவர் கையில் கொடுத்தனுப்பிய பொட்டலம் அந்த வரலாறுதான்.

டெங்கு வேறு. அங்கே நீர் உடம்பை விட்டு வெளியே போகவில்லை, தந்துகிகளின் சுவர் வழியே குழாய்க்கு வெளியே, வயிற்றிலும் நுரையீரல் உறையிலும் கசிந்து நிற்கிறது. கரை கசியும் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மதகுக்குத் தண்ணீர் எட்டும் அளவுக்கு வரத்து இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டது அத்தனையும் கரைக்கு அப்பால் வயலில்தான் நிற்கும். ஏரிக்காவது பிறகு கவலை இல்லை. உடம்பில் இரண்டு நாளில் கசிவு தானாக அடைபட்டு, வெளியே நின்ற நீரெல்லாம் ஒரே சமயத்தில் குழாய்க்குள் திரும்பிவரும். கசிவு நேரத்தில் தாராளமாக ஏற்றப்பட்ட குழந்தைக்கு அன்றுதான் மூச்சுத் திணறல். அதனால்தான் மணிக்கு மணி இரத்தச் செறிவும் சிறுநீரும் பார்த்துச் சொட்டைக் கூட்டுவதும் குறைப்பதும். வியட்நாமில் ஹோ சி மின் நகரில் 383 டெங்குக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. ஓரளவு கடுமையான அதிர்ச்சி நிலைக்கு விலையுயர்ந்த கரைசல்கள் வேண்டியதில்லை, சாதாரண ரிங்கர் லாக்டேட்டே போதும் என்று அது காட்டியது. தட்டணு குறைந்ததும் பை பையாகத் தட்டணு தேடி உறவினர்கள் அலைவது இன்னும் ஓயவில்லை. இரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஏற்றுவதால் பயனில்லை என்று பெரியவர்களிடம் நடந்த சிங்கப்பூர், மலேசிய ஆய்வு 2017இல் சொல்லிவிட்டது.

அவலூர்பேட்டைபோல் செஞ்சிப் பாறைகளை ஒட்டிய ஊர்களுக்கென்றே இன்னொன்று உண்டு, செந்தேள். கொட்டிய குழந்தை வியர்த்துக் கொட்டும், வாந்தி எடுக்கும், கைகால் பனிக்கட்டியாகும். பார்ப்பதற்கு அப்படியே நீர் வற்றிய குழந்தை. பாட்டிலை மாட்டி வேகமாக விடத் தோன்றும். விட்டால் ஆபத்து. தேள் நஞ்சு நரம்புகளைத் தூண்டி அட்ரினலின் வகைப் பொருட்களைக் கொட்டச் செய்கிறது. கைகால் சில்லிடுவது நீர் குறைந்ததால் அல்ல, குழாய்கள் இறுகிப்போனதால். இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கிறது, நீர் நுரையீரலில் தேங்குகிறது. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து இதைக் கவனித்தார். குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் என்ற மலிவான இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. 1986இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. புதுச்சேரி ஜிப்மரின் குழந்தை மருத்துவர்களும் இந்தப் பகுதிக் குழந்தைகளிடம் அதைப் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அதனால் தேள் கொட்டியது என்று தெரிந்தால் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊசி போடச் சிரையே கிடைக்காத குழந்தைக்கு என்ன செய்வது? முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் தடித்த ஊசியைத் திருகி இறக்கி, எலும்பு மச்சைக்குள் திரவம் செலுத்துவார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் உடம்பு வற்றினாலும் மச்சையின் குழாய்கள் எலும்புக்குள் இருப்பதால் சுருங்கிவிடாது. மேலை நாடுகள் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த முறை இது. இந்தியாவில் காலரா பரவியபோது இங்கே நம் மருத்துவர்கள் அதைச் செய்வதைக் கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் ஒர்லாவ்ஸ்கி, ஊர் திரும்பி 1984இல் எழுதியதற்குப் பிறகுதான் அது அங்கே மீண்டும் வழக்கத்துக்கு வந்தது.

இனி இரத்தம். 1908இல் நியூயார்க்கில் ஒரு மருத்துவருக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு ஓயாத இரத்தக் கசிவு. பிறந்து சில நாள்தான். அலெக்சிஸ் காரெல் என்ற அறுவை மருத்துவர் தந்தையின் கைத்தமனியை மகளின் கால் சிரையோடு நேரடியாகத் தைத்துவிட்டார். அப்பாவின் இதயமே பம்ப். எத்தனை மில்லி போகிறது என்று அளக்க வழியில்லை. வெளுத்திருந்த உடம்பு சிவக்கும்வரை விட்டார்கள், மிகச் சிவந்ததும் பதறிப்போய் நிறுத்தினார்கள். குழந்தை பிழைத்தது. அந்த நோய்க்குக் காரணம் வைட்டமின் கே குறைவு என்பது பின்னால் தெரிந்தது. இன்று பிறந்தவுடன் தொடையில் போடும் ஒரு சிறு ஊசி அதைத் தடுத்துவிடுகிறது.

இப்போது அளவு தெரியும். செவ்வணு மட்டும் பிரித்தெடுத்த இரத்தம் என்றால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. ஆறு கிலோ குழந்தைக்கு அதிகம் போனால் 90 மில்லி. 350 மில்லி கொடை ஒன்றைச் சிறு பைகளாகப் பிரித்து, ஒரே கொடையாளரின் இரத்தத்தை ஒரே குழந்தைக்குத் தவணையாகக் கொடுப்பதும் இதனால்தான். ஒவ்வொரு புதுக் கொடையாளரும் ஒரு புது ஆபத்து. பை குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். சில்லென்று இருக்கிறதே என்று உறவினர் கக்கத்தில் வைத்துச் சூடாக்குவதைச் செவிலியர் கண்டால் திட்டுவார், திட்டத்தான் வேண்டும். வெந்நீரில் வைத்தால் செவ்வணுக்கள் உடைந்துவிடும். இரத்தம் ஓடும் குழாயில் குளுக்கோஸும் கூடாது, அதிலும் செவ்வணு உடையும். ரிங்கர் லாக்டேட்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் இரத்தம் உறையும். கூட ஓடலாம் என்றால் நார்மல் சலைன் மட்டும்.

பச்சைக் குழந்தையின் இரத்தத்தில் ஒரு விசித்திரம். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் பிரித்துக் காட்டிய ஏ, பி, ஓ வகைகளை நாம் அறிவோம். பிற வகையை எதிர்க்கும் எதிர்ப்பொருட்களை, பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தை தானாகச் செய்வதில்லை. அதன் இரத்தத்தில் இருப்பவை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்தவை. ஆகவே ஏ வகைக் குழந்தைக்கு ஏ வகை இரத்தம் என்று கொடுத்தால், தாய் ஓ வகையாக இருக்கும்போது அவளது எதிர்ப்பொருள் குழந்தைக்குள்ளிருந்தே அந்த இரத்தத்தைத் தாக்கலாம். குழந்தைக்கு இரத்தம் கேட்கும்போது தாயின் இரத்தத்தையும் இரத்த வங்கி கேட்பது இதற்காக. பெயர் வைக்காத குழந்தைகள் தாயின் பெயரால்தான் வார்டில் அறியப்படுகின்றன. ஒரே பெயரில் இரண்டு தாய்மார், அல்லது இரட்டைக் குழந்தை என்றால் கைப்பட்டை எண்ணைப் பையின் எண்ணோடு இருவர் சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது சடங்கு அல்ல. தவறான பையால் நேரும் சாவுகள் பெரும்பாலும் ஆய்வகத்தில் பிறப்பதில்லை, கட்டிலருகே பிறக்கின்றன. முதல் பதினைந்து நிமிடம் மிக மெதுவாக விட்டுக் காய்ச்சல், நாடி, தடிப்பு, மூச்சு பார்ப்பதும் அதனால்தான். முதுகு வலிக்கிறது என்று பெரியவர் சொல்வார். எட்டு மாதக் குழந்தை காரணமில்லாமல் வீறிட்டு அழுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த மொழி.

எப்போது ஏற்றுவது? ஹீமோகுளோபின் 9.5க்குக் கீழே போனதும் ஏற்றிய குழந்தைகளையும், 7க்குக் கீழே போகும்வரை காத்திருந்த குழந்தைகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒப்பிட்ட 637 பேரின் ஆய்வு 2007இல் வந்தது. விளைவில் வேறுபாடில்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தமே தேவைப்படவில்லை.

நம் ஊர்ப்பக்கம் அடிக்கடி காணும் சிக்கல் வேறு மாதிரி. ஹீமோகுளோபின் 4 என்று அறிக்கை வரும், குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுத்ததால் உடம்பு பழகிவிட்டது. அதன் குழாய்களில் இரத்தத்தின் கனஅளவு குறையவில்லை, அணுக்கள்தான் குறைவு. ஏற்கெனவே இரட்டிப்பு வேலை செய்யும் இதயத்தின் மேல் பையை வேகமாகத் திறந்துவிட்டால் அது தாங்காது. அங்கேயும் சொட்டுதான், சில சமயம் பாதி அளவு, நடுவே சிறுநீர் பெருக்கும் ஊசி. மெய்ட்லண்ட் குழு 2019இல் மறுபடி வந்தது. உகாண்டாவிலும் மலாவியிலும் ஹீமோகுளோபின் 4க்கும் 6க்கும் இடையே, வேறு ஆபத்தான அறிகுறி இல்லாமல் வந்த குழந்தைகளில் உடனே ஏற்றப்பட்டவர்களுக்கும் கண்காணித்துக் காத்திருந்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் தெளிவான வேறுபாடில்லை. ஆனால் காத்திருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பின்னர் இரத்தம் தேவைப்பட்டது. ஆகவே காத்திருப்பது என்றால் வார்டில் வைத்துப் பார்த்தபடி காத்திருப்பது, வீட்டுக்கு அனுப்பிவிடுவது அல்ல. முழு இரத்தம் கிலோவுக்கு 20 மில்லியா 30 மில்லியா என்பதற்கும் அந்த ஆய்வில் ஒற்றைப் பதில் இல்லை. காய்ச்சல் உள்ள குழந்தைக்குக் குறைந்த அளவும், காய்ச்சல் இல்லாத குழந்தைக்குக் கூடுதல் அளவும் நல்லது என்று வந்தது.

ஏற்றி முடித்து உதடு சிவந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டார் கிளம்பிவிடுவதில்தான் எனக்குக் குறை. ஒரு மில்லி செவ்வணுத் திரட்டில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஒரு சிறு பை இரத்தத்தால் வெறுமையான இரும்புச் சேமிப்பு நிரம்பாது. இரும்புச் சத்து சிரப்பை, பல் கறை படிகிறது, மலம் கறுக்கிறது என்று பாதியில் நிறுத்தாமல் மூன்று மாதமாவது தர வேண்டும். கொக்கிப்புழு இருந்தால் குடலில் உட்கார்ந்து மறுபடி இரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள், ஒரு வயதைத் தாண்டி இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அரை மாத்திரை, மேலே முழு மாத்திரை. அதை மென்று சாப்பிட வைக்கும் டீச்சருக்கு ஊசி பிடிக்கத் தெரியாது.